கண்மாய்க் கரையில் குதிரை ஏறுமா?

மதுரைக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட வருவார்கள், இல்லையென்றால் சாப்பிட வருவார்கள். நான் எதற்கு வந்தேன் என்று விமான நிலையத்து அதிகாரியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. "மனைவியோட அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், பார்க்க வந்தோம்" என்றேன். பொய்யில்லை. என் மனைவி தனம் அதற்குத்தான் வந்தாள். நான் வந்தது ஒரு புத்தகத்துக்காக. குதிரைப்படை கண்மாய்க் கரை மேல் ஏறலாமா கூடாதா என்பது அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இதை அந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்திலேயே ஏற்றி அனுப்பியிருப்பார்.

முதலிலிருந்து சொல்கிறேன். மலேசியாவில், கிள்ளானில், எனக்கு ஒரு டயர் கடை. கடைக்கு மேல் ஓர் அறை. அங்கே இரண்டு பிங்பாங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் மண்ணும் அட்டையும் பஞ்சும் வைத்து ஒரு போர்க்களம் செய்திருக்கிறோம். விரல் கணு உயரத்தில் ஈய வீரர்கள், ஈயக் குதிரைகள், பீரங்கிகள். பழைய காலத்துப் போர்களை அங்கே நடத்திப் பார்ப்போம். சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. படை எவ்வளவு தூரம் நடக்கும் என்று அளவுகோல் வைத்து அளப்போம். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று பகடை உருட்டுவோம். எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகம் உண்டு. வயசான காலத்தில் பொம்மை விளையாட்டா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பந்தைக் குழிக்குள் தள்ள ஊர் ஊராகப் போகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் தேவதாஸ், ஓய்வு பெற்ற வாத்தியார். இன்னொருவன் ஆ செங், மீ நூடுல்ஸ் கடைக்காரன். ரப்பர் தோட்டத்தில் எங்களோடு வளர்ந்த சீனன், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். நான் நடுவர். அறை என்னுடையது என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

போன மழைக்காலத்தில் தேவதாஸ் கும்பெனிப் படையையும் ஆ செங் பாளையக்காரர் படையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆ செங் தன் குதிரைகளை வறண்ட கண்மாய்க்குள் இறக்கி, கரை மேல் ஏற்றி, தேவதாஸின் பீரங்கிகளைப் பின்பக்கமாக அடிக்கப் பார்த்தான். "குதிரை கரை ஏறாது, புத்தகத்தில் இருக்கு" என்றான் தேவதாஸ். "பாதி வேகத்தில் ஏறும், புத்தகத்தில் இருக்கு" என்றான் ஆ செங். புத்தகமோ அதற்கு முந்தைய வாரம் தேவதாஸின் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததில் கூழாகிப் போயிருந்தது. "சரி, வேறு பிரதி கிடைக்கட்டும், பார்த்துச் சொல்றேன்" என்றேன் நான். அதற்குள் வார்த்தை தடித்துவிட்டது. "உனக்கு எப்பவுமே கள்ள ஆட்டம்தான்" என்று தேவதாஸ் சொல்ல, ஆ செங் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அன்றோடு பேச்சு நின்றது. மேசை மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். குதிரைகள் கரையடியில் அப்படியே நிற்கின்றன.

இப்போது ஆ செங் கடையை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போகிறான். மாசக் கடைசியில் கிளம்புகிறான். அதற்குள் இது தீராவிட்டால் இனி தீராது. இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். "அவன்ட்ட சொல்லிரு, நான் சொன்னது சொன்னதுதான்" என்று இவன். "வாத்தியார்ட்ட சொல்லு, புத்தகம் வரட்டும்" என்று அவன். எனக்கு இருப்பதே இந்த இரண்டு சிநேகிதர்கள். சோறு இறங்கவில்லை.

புத்தகம் மதுரையில் பிறந்தது. தேவதாஸ் சின்ன வயதில் மதுரையில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே சரித்திரம் நடத்திய வில்லர்ட் சார் என்ற வெள்ளைக்காரர், பையன்களுக்காக எழுதி உள்ளூர் அச்சகத்தில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் போட்டாராம். ஆங்கிலப் புத்தகம், பெயரைத் தமிழில் சொன்னால் 'சமவெளிப் போர்'. ஐரோப்பியப் போர்களுக்குக் கடையில் எத்தனையோ விதிப்புத்தகம் கிடைக்கும். பனியில் பீரங்கியை எப்படி இழுப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கண்மாய், கருவேலங்காடு, மண்கோட்டை எல்லாம் இருப்பது இந்த ஒன்றில்தான். இணையத்தில் தேடாத இடமில்லை. ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை.

முதல் நாள் கோச்சடையில் சகலை வீட்டில் போய் இறங்கினோம். சகலை செல்வம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது, அவருக்குத் தெரிந்த ஆள் அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதையும் பார்த்தேன். இட்லி வந்தது, கூடவே நாலு வகைச் சட்னி வந்தது. கிள்ளானில் ரொட்டி சானாய்க்குக் கொடுக்கிற பருப்புக் குழம்பை நாங்கள் பெருமையாகச் சொல்வோம். இனி சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக விஷயத்தை எடுத்தேன்.

"பொம்மைச் சண்டைக்குச் சட்டப் பொஸ்தகமா?" என்றார் சகலை. "சகல, இம்புட்டுத் தூரம் அதுக்கா வந்தீக?"

"உங்க வீட்டு மதினியைப் பார்க்கவும்தான்" என்றேன். உள்ளே கட்டிலிலிருந்து மதினி, "ஆமா ஆமா, தெரியும்" என்று குரல் கொடுத்தார். தனம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சகலைக்கோ மறு நிமிஷமே ஆர்வம் தொற்றிக்கொண்டது. தேடுவது என்றால் அவருக்கு எதைத் தேடினாலும் சரி. மறுநாள் காலையிலேயே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மனிதருக்கு ஒரு பழக்கம்: சரிவு வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று வண்டியை அணைத்துவிடுவார். வைகைப் பாலத்தின் இறக்கத்தில் இன்ஜின் சத்தமே இல்லாமல், ஹாரன் அடித்துக்கொண்டு, நாங்கள் மிதந்து போனோம். பின்னால் ஒரு பஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஊரில் இப்படி ஓட்டினால் அன்றைக்கே உரிமம் போய்விடும்.

பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. ஆள் நிற்க இடமில்லாமல் தரையிலிருந்து கூரைவரை புத்தகம். முதல் கடைக்காரர் இளைஞர், பொறுமைசாலி.

"வார் கேம்னா கம்ப்யூட்டர்லயாண்ணே?"

"இல்லப்பா, மேசை மேல. பொம்மை வெச்சு."

"கேரம்போர்டு மாதிரி?"

"இல்ல. படை, பீரங்கி, குதிரை..."

"செஸ்ஸு!" என்று எழுந்துபோய் ஒரு சதுரங்கப் புத்தகத்தையும், கூடவே எதற்கும் இருக்கட்டும் என்று குதிரை வளர்ப்பு பற்றி ஒன்றையும் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு அம்மா மகளுக்கு நுழைவுத் தேர்வு கைடு கேட்டு வந்து, "முன்னாடி வாங்கினவ பாஸ் ஆனாளா, அதச் சொல்லு முதல்ல" என்று பேரம் பேசினார். கடைக்காரர் கொஞ்சமும் கலங்காமல், "டாக்டராவே ஆயிட்டாக்கா" என்றார். அந்தத் தைரியத்தை நான் ரசித்தேன்.

கடைசிக் கடையில் ஒரு பாய், வெள்ளைக்கார வாத்தியார் என்றதுமே நிமிர்ந்தார். "அந்த ஸ்கூல் லைப்ரரிப் பொஸ்தகமெல்லாம் எடைக்குப் போயிருச்சுண்ணே. எம்புட்டோ மூட்டை. நம்மகிட்ட வந்தது கொஞ்சந்தான், வந்ததும் போயிருச்சு. ஸ்கூல்லயே கேட்டுப் பாருங்க, பழைய டீச்சருங்க யாராச்சும் வெச்சிருப்பாங்க, இன்ஷா அல்லாஹ்."

சகலைக்கு யாரோ பாலிசிதாரர் கூப்பிட்டார் என்று அவர் போய்விட, நான் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன். திரும்பினேன் என்று சொல்வது சரியில்லை. பாதி வழியில் டிரைவர் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். "எல்லாரும் இங்க எறங்கிக்கங்க. நான் சாப்பிடப் போறேன். பின்னாலயே வேற வண்டி வரும்." யாரும் கோபப்படவில்லை. ஒரு பாட்டி மட்டும், "என்ன கொழம்பு இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். "கருவாடு" என்றார் டிரைவர். எனக்குப் பசி வந்துவிட்டது. எதிரே கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தந்தார்கள். அப்படி ஒரு சால்னாவுக்காகவே அந்த டிரைவரை மன்னித்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம். காலாண்டு விடுமுறை, பூட்டிக் கிடந்தது. காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். வில்லர்ட் சார் என்ற பேரையே அவர் கேட்டதில்லை. ஆனால் பழசு தெரிய வேண்டுமென்றால் எஸ்தர் டீச்சரைத்தான் கேட்க வேண்டும், தல்லாகுளத்தில் இருக்கிறார் என்றார்.

எஸ்தர் டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே சகலையைப் பார்த்து, "இன்சூரன்ஸ்னா வேண்டாம்பா, எனக்கு ஆண்டவர் இருக்கார்" என்றார். வில்லர்ட் சார் என்றதும் முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டு, டீ போட்டு, கேக்கும் வெட்டி வைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலமானா பசங்க பெஞ்சையெல்லாம் சேத்துப் போட்டு மேல மணலைக் கொட்டிருவாங்க. திங்கக்கிழமை வந்தா என் கிளாஸ் பூரா மண்ணு. நான் போய்ச் சண்டை போடுவேன். அந்த மனுஷன் தொப்பியைக் கழட்டிச் சாரி சொல்லுவார். அடுத்த வாரமும் அதே மண்ணு."

புத்தகம்?

"லைப்ரரில இருந்ததெல்லாம் போச்சு. ஒருத்தன்கிட்ட இருந்தது. முருகேசன். அவன் வீட்டுல எல்லாரும் வயல்ல கூலி வேலை, இவன்தான் முதல்ல படிச்சு சர்வேயர் ஆனான். அவனுக்குப் பரிசாக் கொடுத்தது அந்தப் புத்தகம். கேட்டா கண்ணுல காட்டுவான், கைல தர மாட்டான்." டீச்சர் கேக் தட்டை என் பக்கம் தள்ளினார். "போன வருஷம் இறந்துட்டான்பா. மக இருக்கா, விளாங்குடியில. வக்கீல். நான் பேசறேன்."

அங்கேயே போன் போட்டார். மகள் பேர் கலைச்செல்வி. நாளைக்குக் கோர்ட் விடுமுறைதான், மத்தியானம் வரச் சொல்லுங்கள் என்றார். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, பத்திரமா இருக்கு" என்று போனிலிருந்து குரல் வந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. தெருவில் வந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். தேவதாஸ், "ஆமென்" என்று அனுப்பினான். ஆ செங் கட்டை விரலை அனுப்பினான்.

நான்காம் நாள் எனக்குத் திருச்சியில் ராத்திரி விமானம். தனம் அக்காவோடு இன்னும் சில வாரம் இருப்பாள். கடையைப் பார்க்க நான் மட்டும் முதலில் திரும்புவதாக ஏற்பாடு. பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டோம். விளாங்குடியில் புத்தகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, அப்படியே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட வேண்டியது. கணக்கு சுத்தமாக இருந்தது. ஒன்றை மட்டும் நானும் யோசிக்கவில்லை, சகலையும் யோசிக்கவில்லை. கோர்ட் ஏன் விடுமுறை என்று.

வழியெல்லாம் ஆட்டோவுக்கு வாழைக்கன்று, லாரிக்கு மாலை. முக்குக்கு முக்கு பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் பூசணிச் சதை மேல் எங்கள் வண்டி வழுக்கி, நானும் பெட்டியும் ஒரு பக்கம், சகலை ஒரு பக்கம். டீக்கடையிலிருந்து ஓடிவந்து தூக்கியவர்கள் எங்கள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலையும் கொடுத்து அனுப்பினார்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கலைச்செல்வி வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் உறைத்தது. சரஸ்வதி பூஜை. படத்துக்கு முன்னால் சட்டப் புத்தகங்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே பட்டுத் துண்டு, சந்தனம், குங்குமம், அதற்கு மேல் ஒரு சாமந்திப் பூ. அடுக்கின் நடுவில் ஒல்லியாக ஒரு பச்சை நிற முதுகு. அதில் தேய்ந்துபோன எழுத்து. நான் குனிந்து, பிறகு மண்டி போட்டு, தலையைச் சாய்த்துப் படித்தேன். அதேதான்.

"இதுதாங்க" என்றேன்.

"அதேதான். அப்பா வருஷா வருஷம் இதைத்தான் முதல்ல வைப்பார்" என்றார் கலைச்செல்வி. என் வயதில் பாதிகூட இருக்காது, ஆனால் சாட்சியை மடக்குகிற பார்வை. "நாளைக்குக் காலைல எடுத்துத் தரேன்."

"இன்னைக்கு ராத்திரி எனக்குப் பிளேன்மா. ஒரே ஒரு பக்கம்தான்."

"பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதுங்களே சார். உங்க ஊர்ல எடுப்பாங்களா?"

எடுக்க மாட்டார்கள். தோட்டத்தில் என் அம்மா எங்கள் பாடப் புத்தகங்களைப் பூஜையில் வைத்த நாளில் நாங்கள் துள்ளிக் குதிப்போம், படிக்க வேண்டாமே என்று.

சகலை விடவில்லை. "தாயி, தொடாமப் பாத்தா? மேல இருக்கறத மட்டும் நீங்க லேசாத் தூக்குனீகன்னா..."

"அண்ணே, எங்க அப்பாவே இருந்தாலும் எடுக்க மாட்டாரு" என்றார் அவர். அதோடு வாதம் முடிந்தது.

அப்போதுதான் அடுக்குக்குப் பக்கத்தில் பார்த்தேன். சர்வேச் சங்கிலி, அரிவாள்மனை, தையல் கத்தரி. அவற்றோடு ஒரு தட்டில் குட்டிக் குட்டியாக ஈய வீரர்கள், இரண்டு பீரங்கி. ஒவ்வொரு பீரங்கிக்கும் ஊசி முனையளவு சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜையாம்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கலைச்செல்வியும் சிரித்தார். "அப்பா வேடிக்கையா ஆரம்பிச்சது. இப்ப வைக்கலைன்னா மனசு கேக்க மாட்டேங்குது." வெளிநாட்டுப் பொம்மைக்குப் பள்ளியில் வழியில்லாததால், அச்சகத்தில் தேய்ந்துபோன எழுத்துகளை வாங்கி உருக்கி, பையன்களே வார்த்த வீரர்களாம். ஒரு குதிரையைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதையும் தொடக் கூடாதே.

வாசலில் நின்று யோசித்தேன். போய்விட்டால், நாளைக்கு அவர் படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் யாரோ எடுத்து அனுப்பிய படத்தை அந்த இரண்டு பேரும் நம்ப வேண்டுமே. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானே பேச வேண்டும். தனத்துக்குப் போன் செய்தேன்.

"பொம்மைக்காகப் பிளேனை விடறீங்களா?" என்றாள்.

"பொம்மைக்காக இல்லம்மா. ஆ செங்குக்காக."

"அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கங்க. ராத்திரிக்கு இடியாப்பம்" என்று வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷமாக இவளோடு வாழ்வது சும்மா இல்லை.

சாயங்காலம் வரை என்ன செய்வது? "சகல, இங்கே பக்கத்தில் கண்மாய் இருக்கா?" என்றேன். சமயநல்லூர் தாண்டி ஒரு கண்மாய்க்குக் கூட்டிப் போனார். மழை வராமல் வறண்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு. சுற்றிலும் கருவேலம். மேற்கே நாகமலை நீளமாகக் கிடந்தது. எத்தனையோ வருஷமாக மேசை மேல் அட்டையில் செய்து விளையாடியதை அன்றைக்குத்தான் நிஜத்தில் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடக் கரை உயரம். என் மேசையில் குதிரைக்கு முட்டியளவு இருக்கும். இங்கே ஆள் உயரத்துக்கு மேலே.

சும்மா பார்த்துவிட்டு வர முடியுமா? பேன்ட்டை மடித்துக்கொண்டு வெளிப்பக்கத்திலிருந்து ஓடி ஏறினேன். மண் சரிவு. மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். குதிரை என்றால் தாராளமாக ஏறும். ஆ செங் ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு உள்பக்கம் இறங்கி, அங்கிருந்து ஏறப் பார்த்தேன். உள்பக்கம் தண்ணீர் அரிக்காமல் இருக்க, கரை முழுக்கக் கருங்கல் பதித்திருந்தார்கள். இரண்டாவது எட்டில் கால் வழுக்கி, முழங்கால் தோல் உரிந்தது. மறுபடி ஏறினேன். மறுபடி சறுக்கினேன். சகலை மேலே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து நின்றார். "யாருண்ணே இவரு? கண்மாயக் குத்தகைக்கு எடுக்கப் போறாரா?"

"மலேசியாக்காரரு. குதிரைக்குப் பாதை பாக்குறாரு."

"குதிரை எங்க?"

"அது மலேசியாவுல நிக்குது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கீக ரெண்டு பேரும்?" என்றார். பிறகு இரக்கப்பட்டு, "அந்தா ஓரத்துல மாடு ஏறுற பாதை இருக்கு, அதுல வாங்கண்ணே. இந்தக் கல்லு மேல ஏன் உசுர விடுறீக" என்று கை காட்டினார்.

அந்தப் பாதையில் சுலபமாக ஏறிக் கரை மேல் உட்கார்ந்தேன். முழங்கால் எரிந்தது. என் மேசையில் அப்படி ஓரப் பாதை கிடையாது. உள்பக்கம் முழுக்கச் சரளைக்கல், நானே உட்கார்ந்து ஒட்டியது. ஆ செங்கின் குதிரைகள் நிற்பது உள்பக்கம். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே என்றிருந்தது. ஊரை விட்டுப் போகப் போகிறவனிடம் போய் உன் குதிரை ஏறாது என்று எந்த வாயால் சொல்வது? புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கட்டும் என்று அந்தக் கரையிலேயே வேண்டிக்கொண்டேன். வேறு மாதிரி இல்லாவிட்டாலும், புத்தகம் சொல்லட்டும், நான் சொல்ல வேண்டாம்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் போய்விட்டோம். கலைச்செல்வி தலைக்குக் குளித்துவிட்டுச் சூடம் காட்டி, அடுக்கைப் பிரித்து, பச்சைப் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். "பூஜையிலேருந்து எடுத்தா முதல்ல ஒரு பக்கமாவது படிக்கணும். நீங்களே சத்தமாப் படிங்க. அப்பா போனதுக்கப்புறம் இதை யாரும் படிக்கல."

கண்மாய் என்ற தலைப்பைத் தேடிப் பிடித்தேன். ஆங்கிலத்தில் படித்தேன், சகலைக்காகத் தமிழிலும் சொன்னேன். "கண்மாய்க் கரை. எந்தக் கரையும் இன்னொரு கரை போல இருக்காது. குதிரை ஏறுமா ஏறாதா என்பதை நடுவர் பார்த்துச் சொல்வார். உடனே சொல்வார். யோசித்துச் சொல்கிறேன் என்கிற நடுவரை மாற்றிவிடவும்."

அவ்வளவுதான். அடுத்தது கருவேலங்காடு.

கலைச்செல்வி கைதட்டிச் சிரித்தார். "வாய்தா குடுக்கவே கூடாதுன்னு எழுதிட்டாரே மனுஷன்! எங்க கோர்ட்ல இப்படி ஒரு விதி வந்தா நாங்கெல்லாம் என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவதாஸ் சொன்னதும் அதில் இல்லை, ஆ செங் சொன்னதும் இல்லை. இருந்தது நான்தான். கடல் தாண்டி வந்து, பிளேனை விட்டு, பூசணிக்காயில் விழுந்து, கடைசியில் புத்தகம் என்னைக் கை காட்டிவிட்டது. எனக்கு அந்த வெள்ளைக்காரர் மேல் கோபம்கூட வந்தது. நாற்பது பையன்களை மேய்த்த ஆள். அவருக்குத் தெரியாதா இது எவ்வளவு கஷ்டம் என்று?

"பேசுங்க சகல" என்றார் செல்வம், மெதுவாக. அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

வீடியோ காலில் முதலில் ஆ செங்கைப் பிடித்தேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் தேவதாஸையும் சேர்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வைத்துவிடுவார்களோ என்று பயந்து அவசரமாகப் புத்தகத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். அந்த வரிகளைப் படித்தேன்.

"அப்ப புத்தகத்துல ரெண்டும் இல்லியா?" என்றான் தேவதாஸ்.

"இல்ல."

"அப்ப நடுவர் சொல்லு" என்றான் ஆ செங். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"நேத்து ஒரு கண்மாய்க்குப் போய் ஏறிப் பார்த்தேன்" என்றேன். உரிந்த முழங்காலைக் கேமராவில் காட்டினேன். "கல் பதிச்ச பக்கம் ஏற முடியல. நம்ம மேசையிலயும் அது கல் பதிச்ச பக்கம்தான். செங், உன் குதிரை ஏறாது." சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் என்னைத் திட்டிட்டுப் போயிருப்பீங்க. என்னைத்தானே. பரவாயில்லையே."

கூடத்தில் கலைச்செல்வி கையில் சூடத்தட்டோடு அப்படியே நின்றார். போனில் ஆ செங் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டான். தேவதாஸ் கண்ணாடியைக் கழற்றினான், போட்டான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

"சரி" என்றான் ஆ செங் கடைசியில். அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையில் தேவதாஸ் இருந்த பக்கம் பார்த்துக் கேட்டான். "அப்ப இப்ப யார் முறை?"

"உன்னோடதுதான்டா" என்றான் தேவதாஸ். "இத்தன மாசமா உன்னோடதுதான்."